கடலில்லா நாடு

சீட்டுக் குலுக்கலில் எனக்கு பொலிவியா.
"கடலே கிடையாது, பாவம்" என்றார் சீனியர் நிரஞ்சன்.
நான் காசிமேடு.

போட்டிருக்கும் கோட்டு அண்ணன் ரிசப்ஷனுக்குத் தைத்தது;
கையை உள்ளே மடித்து ஊக்கு குத்தியிருக்கிறேன்.

இங்கே "நான்" என்று பேசக்கூடாதாம்.
"பொலிவியா கருதுகிறது" என்றுதான் ஆரம்பிக்கணும்.
மூணு தரம் தப்பாச் சொல்லி
மூணு தரமும் சுத்தியல் தட்டினார்கள்.

நாலாம் தரம்,
போரில் போன கரையைத் திருப்பிக் கேட்கையில்
குரல் எங்கள் ஏலக்கூடத்துக் குரலாகிவிட்டது.
சிலி பேனாவை மூடி வைத்தது.
சுத்தியல் சும்மா கிடந்தது.

ராத்திரி ராயபுரத்தில் பஸ் இறங்கி நடக்கிறேன்,
கோட்டு கையில் தொங்க.
துறைமுக மதில். லாரி வரிசை.
மதிலுக்கு அந்தப்பக்கம்
கண்ணுக்குப் படாமல் அலை.

பொலிவியா
கொஞ்ச நேரம் நின்று
கேட்கிறது.