நிறுத்தம் முடியும் இடம்

ட்ராம் நிறுத்தத்தில் புகைப்பது குற்றம்.
தெரியும்.
போஸ்னானில் எல்லாருக்கும் தெரியும்.
நிறுத்தம் எந்த இடத்தில் முடிகிறது என்பதுதான்
பதினோரு வருஷமாக எனக்குப் பிடிபடவில்லை.
கண்ணாடிக் கூரையோடு முடிகிறதா,
கூரையின் நிழலோடா?
காலை நாலே முக்காலுக்கு ஏது நிழல்.
குப்பைத்தொட்டியைத் தாண்டிவிட்டால் போதும் என்பாள்
என்னோடு சலவையில் நிற்கும் யட்விகா.
அவள் இரண்டு முறை அபராதம் கட்டியவள்.

இரவு முழுக்க ஆஸ்பத்திரி விரிப்புகள்.
விடியும்போது விரல்களில் குளோரின் ஊறி
தொட்டதெல்லாம் வெளுத்துவிடுமோ என்றிருக்கும்.
அந்நேரம் கொஞ்சம் அழுக்கு வேண்டும்,
என்னுடையதாக.

பச்சை லைட்டர் நாலாவது சொடுக்கில்தான் பிடிக்கும்.
அன்று முதல் சொடுக்கிலேயே பிடித்தது.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

விளக்கை அணைத்துக்கொண்டு வந்து நின்றது கார்.
இறங்கியவனின் மீசை
வளர்வதா வேண்டாமா என்று
இன்னும் முடிவெடுத்திருக்கவில்லை.
"அம்மணி, இது நிறுத்தம்."
"இல்லை. நான் தொட்டிக்கு அந்தப் பக்கம்."
தொட்டியைப் பார்த்தான்.
என் காலணிகளைப் பார்த்தான்.
பிறகு, பாவி,
காற்றைப் பார்த்தான்.
"புகை உள்ளே போகிறது."

உள்ளே ஒருவரும் இல்லை.
யாரோ மறந்துவிட்டுப் போன குடை ஒன்று
பெஞ்சில் சாய்ந்திருந்தது.
அதன் உடல்நலத்துக்காக
எனக்கு நூறு ஸ்லோட்டி.

வியெஸ்வாவா என்று எழுதப் போனான்.
குளிரில் பேனா உறைந்திருந்தது.
உதறினான், ஊதினான், உள்ளங்கையில் கிறுக்கினான்.
கடைசி ட்ராமே போய்விடும்போல் இருந்தது.
நான்தான் லைட்டரை நீட்டினேன்.
முனையைக் காட்டிச் சூடாக்கினான்.
என் நெருப்பில் இளகிய மையால்
என் பெயர்,
என் தெரு,
என் குற்றம்.
நன்றி என்றான். பழக்கதோஷம்.

அதற்கு முன்னும் சிலர் வந்ததுண்டு.
கால்பந்து நாளில் குதிரைமேல் ஒருத்தி.
சட்டம் எதையும் சொல்லவில்லை அவள்.
"இவனுக்கு மூச்சு இளைக்கும்" என்று
குதிரையைக் காட்டினாள்.
உடனே அணைத்தேன்.
இன்னொருவன் பாதி கேட்டான்,
கொடுத்தேன்,
முழுசையும் புகைத்துவிட்டு
உடம்புக்கு ஆகாது என்று சொல்லிப் போனான்.

பிப்ரவரியில்
சலவைக்கூடத்தின் பின்கதவைத் திறந்தால்
ஆவிக்குழாயின் ஓரம், புகைக்காதீர் பலகையின் நேர் கீழே
சீருடைச் சட்டையில் ஒருவன்.
மேல்கோட்டு இல்லை. தொப்பி இல்லை.
மீசையை எடுத்துவிட்டிருந்தான்.

எத்தனை நாள் காத்திருந்த வசனம்.
குரலைக் கனப்படுத்திக்கொண்டு
"ஐயா, அடையாள அட்டை" என்றேன்.

சிரிப்பான் என்றுதான் நினைத்தேன்.
எடுத்துக் கொடுத்துவிட்டான்.
ஜெமோவித். இருபத்தாறு வயது.
படத்தில் காதுகள் மட்டும் பெரிதாக.
அட்டையை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று
எனக்குத் தெரியவில்லை.
அவன் வாயில் சிகரெட் தலைகீழாக இருந்தது.
பஞ்சு கருகும் நாற்றம்.
அதைக்கூட அறியாமல் இழுத்துக்கொண்டிருந்தான்.

எந்த மாடி, யார், எத்தனை நாளாக,
கேட்கவில்லை.
எல்லா மாடி விரிப்புகளும் என்னிடம்தான் வருகின்றன.
கருகியதை வாங்கி எறிந்தேன்.
என்னுடையதில் ஒன்றைச் சரியான பக்கமாக வைத்து
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலு.

கொஞ்ச நேரம் கழித்து,
திறந்திருந்த கதவைப் பார்த்துக் கேட்டான்:
"புகை உள்ளே போகிறதா?"
உள்ளே இருநூறு விரிப்புகள்
துவைத்து மடித்து அடுக்கியிருந்தன.
போய்க்கொண்டுதான் இருந்தது.
"இல்லை" என்றேன்.

ஏப்ரலில் அதே நிறுத்தத்தில்,
தொட்டிக்கு ஆறு அடி தள்ளி,
வேறொருவன் பிடித்தான்.
மறுபடி நூறு ஸ்லோட்டி.
இவன் பேனா
நன்றாகவே எழுதியது.