அறுபத்தொரு வரி

மார்ச்சிலேயே சத்துவாச்சாரி கொதிக்கிறது.
ஷூ கடைக்கு மேலே முதல் மாடி,
ஒரு மேசை, இரண்டு நாற்காலி,
முந்தின வாடகைக்காரர் விட்டுப்போன ஸ்டீல் பீரோ.
பலகையை வரைந்து சில்லை ஒட்டியவன் தௌசீஃப்,
மேல்விஷாரத்திலிருந்து தினமும் பைக்கில் வருகிறான்.
ஒட்டியதைப் பேசவைக்க வேண்டியவள் நான்.

மூன்றாம் நாள் பேசியது.
இரண்டு கம்பி, ஒரு முகவரி,
யார் நீ என்றால் தன் எண்ணை
ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னது.
கீழே இறங்கி ஹைவே ஓரம் நின்று
வரைபடத்தைத் திறந்தேன்.
சென்னையைப் பார்த்து நின்றவளை
பெங்களூருக்குத் திருப்பி வைத்தது.

மலை தெற்கே, ஆறு வடக்கே.
இந்த ஊரில் பிறந்த யாருக்கும்
இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.
கருவிக்குத்தான் மலை வடக்கே.

இடம் போதவில்லை, அரை வட்டம் திருப்பி வைத்தேன்,
சொல்ல மறந்துட்டேன், என்றான் தௌசீஃப்
டீயை ஊதிக்கொண்டே.
ஒன்பது எண் எழுதும் ஒரு கட்டம் இருக்கிறது.
ஆறு இடத்தில் பூஜ்யம்,
மீதி மூன்றில் ஒன்று.
அவற்றில் இரண்டுக்கு முன்னால்
இரண்டு கழித்தல் குறி போட்டேன்.
ஆறு ஆற்றுக்குத் திரும்பியது,
மலை மலைக்கு.

ஆனால் பீரோவை நெருங்கினால்
வடக்கு பீரோவுக்குள் போய்விடுகிறது.
ஸ்பீக்கரின் காந்தம் வேறு உள்ளுக்குள்ளேயே இழுக்கிறது.
இதற்கு ஒரு வைத்தியம் உண்டு:
கருவியைக் கையில் பிடித்து
காற்றில் எட்டு போட வேண்டும், திரும்பத் திரும்ப,
எந்தப் பக்கம் எவ்வளவு பொய் என்று
அதுவே கணக்கெடுத்துக்கொள்ளும் வரை.
மொட்டை மாடியில் போட்டேன்.
எதிர் மாடியில் பனியன் காயப்போட்ட ஏகாம்பரம்
ரொம்ப நேரம் பார்த்துவிட்டு,
ஈ தொல்லையா மேடம், என்றார்.

கம்பி இல்லாத கூரை ஏது?
இரும்பில்லாத இடம் தேடி
பாலாற்றுக்குப் போனோம்.
தண்ணீர் இல்லை, அது பழைய சேதி.
மணலில் உட்கார்ந்து எண்களைப் பார்த்தோம்.
பூமியின் காந்தம் இந்தப் பக்கத்தில்
நிற்காமல் ஏறக்குறையப் படுத்தே கிடக்கிறது,
கொஞ்சம்தான் தரைக்குள் சாய்கிறது.
வெயிலுக்கு அதுவும் என்ன செய்யும் என்றேன்.
தௌசீஃப் சிரிக்கவில்லை,
எண்கள் அவ்வளவு அமைதியாக இருந்தன.

பாலத்தில் விழுப்புரம் பாசஞ்சர் வந்தது.
முள் நடுங்கி, எழுந்து,
ரயிலோடு கொஞ்ச தூரம் போகப் பார்த்து
திரும்பி வந்தது.
அதைப் பிழை என்று குறிக்கச் சொன்னான்.
நான் நேரத்தை மட்டும் குறித்தேன்.

இன்னொன்று.
மேசைமேல் சும்மா கிடக்கும்போதும்
அசைவுக் காட்டி சும்மா இருப்பதில்லை.
ஒன்பது புள்ளி எட்டு, மேல்நோக்கி, என்கிறது.
விழாமல் இருப்பதற்கே
அவ்வளவு தள்ளுதல் வேண்டியிருக்கிறது போல.
இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன்,
நம்பியது வெள்ளிக்கிழமைதான்.

வெள்ளிக்கிழமை தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறி,
எட்டின் இரண்டாம் வளைவில்
வியர்த்த கையிலிருந்து நழுவியது.
விரிசல் விட்ட திரைக்குப் பின்னால்
பதிவு முழுதாக இருந்தது.
நொடிக்கு நூறு வரி.
கை இருந்தவரை கையின் நடுக்கம்,
பிறகு பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்,
மூன்று திசையிலும் பூஜ்யம், கடைசி இலக்கத்தில் மட்டும்
ஏதோ ஒரு அரிப்பு,
அறுபத்தொரு வரி.
இத்தனை நாளில் அது எதையும் தாங்காமல்
எதையும் தள்ளாமல் இருந்தது
அந்த அரை நொடியும் கொஞ்சமும்தான்.

அறுபத்திரண்டாம் வரியில் சிமெண்டுத் தரை.

பூஜ்யங்களைச் சத்தம் என்று நினைத்து
என் வடிகட்டியே தூக்கி எறிந்திருக்கிறது.
அந்த நிபந்தனையை இன்று நீக்கினேன்.
ஏன் என்று கேட்கும் இடத்தில்
'விழுதல் பிழையல்ல' என்று எழுதி அனுப்பினேன்.
தௌசீஃப் ஒப்புதல் போட்டு, கீழே சேர்த்திருந்தான்:
திரை மாற்ற மூவாயிரத்து இருநூறு,
பாதி உன் கணக்கு.