ஆறாவது ஆள்

அறுபத்தெட்டு மீட்டர் உயரத்தில்
கழிப்பறை இல்லை.
ஆகவே தண்ணீர் குடிப்பதில்லை.
பதினோரு வருடமாக இதுதான் ஏற்பாடு.
யாரும் சொல்லித் தரவில்லை.

ரீம் தீவில் கிரேன் ஓட்டுகிறேன்.
முந்தாநாள் விடியும் முன்
வலது கால் பெருவிரலுக்குள்
யாரோ வெல்டிங் பற்றவைத்தார்கள்.
போர்வை உரசினாலும் பொறுக்கவில்லை;
ஏசிக் காற்று பட்டதற்கே பல்லைக் கடித்தேன்.
மேல்கட்டில் குருஸ்மிக்கேல்
எறும்பாக இருக்கும் என்று
திரும்பிப் படுத்தான்.

முசாஃபா கிளினிக்கில்
ஷைனி சிஸ்டர் இடுப்பில் டேப்பைச் சுற்றினாள்.
நூற்றாறு.
வலிப்பது விரல், அளப்பது வயிறா என்றேன்.
வயிற்றை எக்காதே, மூச்சை விடு என்றாள்.
நூற்றொன்பது.

டாக்டர் தாளை என் பக்கம் திருப்பினார்.
வயிறு, பிரஷர், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு,
குறைந்துபோன நல்ல கொழுப்பு.
ஐந்து பெயர்.
அடியில் தனியாக
யூரிக் ஆசிட், ஒன்பது புள்ளி இரண்டு.
இது அந்தப் பட்டியலில் சேராது,
ஆனால் அவர்கள் குடியிருக்கும் இடத்தில்
அடிக்கடி இதையும் பார்க்கிறோம் என்றார்.
இது அவர்களைக் கூட்டி வந்ததா,
அவர்கள் இதைக் கூட்டி வந்தார்களா,
வழக்கு இன்னும் முடியவில்லையாம்.

எனக்குப் புரிந்துவிட்டது.
எங்கள் அறைக்கு ஐந்து பேர் கணக்கு.
சோதனைக்கு வந்தால்
ஐந்து கட்டில், ஐந்து தலை.
ஆறாவது ஆள் கதவோரம் பாயில்.
எந்தச் சீட்டிலும் பெயர் கிடையாது.
இருட்டில் ஷூவைத் தேடும்போது
காலில் இடறுவது அவன்தான்.

என்ன சாப்பிடுகிறாய்?
வெள்ளிக்கிழமை ஈரல். மற்ற நாளில் நெத்திலி.
கரக் சாயா நாலு, சில நாள் அஞ்சு.
இறங்கியதும்
ஆரஞ்சு பவுடர் கரைத்த ஜில் தண்ணீர்,
ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டர்.
அவர் பேனாவை மூடி வைத்தார்.

நீர் குறைந்தால்
கரைந்து ஓடுவது ஊசியாய் உறையும்,
குளிர்ந்த மூட்டாகப் பார்த்து உட்காரும் என்று
படம் வரைய ஆரம்பித்தார்.
படம் வேண்டாம் டாக்டர்.
அப்பாவுக்கு முத்தையாபுரம் உப்பளத்தில் வேலை.
நீர் சுண்டினால் என்ன பூக்கும் என்று தெரியும்.
விரலுக்குள் பூக்கும் என்றுதான்
தெரியாது.

வலிக்கு ஒரு மாத்திரை.
வலி அடங்கியபின் தொடங்க இன்னொன்று.
வலி போனால் அவன் போய்விட்டான் என்று
நினைக்காதே என்றார்.
ஆறாவது ஆளைத்தான் சொன்னார்.
மற்ற ஐவரைப் பற்றி
மூன்று மாதம் கழித்துப் பேச்சு.
லைசென்ஸ் மெடிக்கல் அதற்கு முன்னாலேயே வருகிறது.
அதை நான் சொல்லவில்லை.

இன்று ஏணி.
இருநூற்று இருபத்தேழு படி,
ஒவ்வொன்றிலும் இடது காலை முதலில் ஊன்றி.
கீழே ஃபோர்மேன் அண்ணாந்து பார்க்கிறான்.
கையசைக்கிறேன்.
தோள்பையில் இரண்டு பாட்டில்.
ஒன்று நிறைய.
ஒன்று காலி,
வாய் அகலமாகப் பார்த்து எடுத்தது.