பன்னிரண்டுக்கு ஒன்று

இருநூறு உருப்படியில் பதினாறைக்
கவிழ்த்துவிட்டாள் போஜெனா.
தோள்பட்டைத் தையலில் இரண்டு கட்டைவிரல்,
ஒரே இழுப்பு.
குழந்தைச் சட்டை வாய் திறந்தது.
லாட் ஃபெயில் என்று கையெழுத்திடும்போது
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
அவ்வளவுதான் இரக்கம்.

அன்றைக்குப் பொழுதோட
கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் பொங்கியண்ணன்
நோம்பிக்கு ஊத்துக்குளி போய்விட்டார்.
முதலாளி கூப்பிட்டார்:
"நீ போய்ப் பாத்துக்கோ திலகமணி,
பசியோட உட்டா
இன்னும் நாலு வரி எச்சா எழுதிப்போடுவா."

ஃப்ரீஸரில் அவள் ஊர்ப் பொட்டலம்.
பியெரோகியாம்.
சோமாஸ் வடிவம்,
உள்ளே உருளைக்கிழங்கும் புளித்த ஏதோ தயிர்க்கட்டியும்.
தட்டினால் கூழாங்கல் சத்தம்.

உறைந்ததை இளக விடணும், எனக்குத் தெரிந்த சமையல் அது.
தட்டில் பரப்பி ஃபேன் போட்டேன்.
அரைமணியில் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு
நோம்பி முடிந்தும் கிளம்பாத ஒறம்பரை.
பிய்த்தேன்.
சின்னச் சட்டியில் தளதளவென்று கொதிக்கக் கொதிக்கப் போட்டேன்.
மூடி வேறு போட்டேன்.
திறந்தால் கிழங்குக் கஞ்சி,
மேலே பனியன் வேஸ்ட்டாய் மாவுத்தோல்.

எட்டிப் பார்த்தாள். திட்டவில்லை.
சட்டையைப் பார்த்த அதே முகம்.
"நோ வெயிட். ஐஸ், வாட்டர், நௌ."
கையை அகல விரித்துப் பாத்திரம் கேட்டாள்.

அனுப்பர்பாளையத்துப் பெரிய போசியை இறக்கினேன்,
பன்னிரண்டு உருப்படிக்கு
இருபது பேர் பாயசம் காய்கிற போசி.
உப்பு என்றாள்.
இங்கே இரண்டு குழாய்,
நல்ல தண்ணி, உப்புத் தண்ணி.
என் கை போர் குழாய்ப் பக்கம் போனது நிஜம்.
பதினாறு சட்டைக்கும் சேர்த்து.
நல்ல தண்ணியே பிடித்தேன்.

கொதி வந்ததும் ஒவ்வொன்றாய், உறைந்தபடியே.
அடிபிடிக்காமல்
மரக்கரண்டி முதுகால் ஒரே ஒரு தடவை தள்ளிவிட்டாள்.
பிறகு தீயைத் தணித்தாள்.
தண்ணி நடுங்கலாம், குதிக்கக் கூடாது.
இதை அவள் சொல்லவில்லை.
அடுப்புக் குமிழைப் பாதி திருப்பி என்னைப் பார்த்ததில்
நானாக எடுத்துக்கொண்டது.

மூழ்கிக் கிடந்தவை
மூச்சுக்கு வரும் எருமைகளாய் எழும்பின.
எடுக்கப் போனேன், மணிக்கட்டைப் பிடித்தாள்.
மூன்று விரல் காட்டினாள். மூணு நிமிஷம்.
நடுவில் இன்னும் பனி இருக்கும்.

ஜல்லிக்கரண்டியில் இரண்டிரண்டாய் வடித்து
பொங்கியண்ணன் விட்டுப்போன வெண்ணெயில் உருட்டி
ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பினாள்.

ஒன்று மட்டும் ஓரம் பிரிந்திருந்தது.
அதன்மேல் கட்டைவிரலை வைத்து
"பன்னிரண்டுக்கு ஒண்ணு. ஃபெயிலா?" என்றேன்.
உதடு அசைய நிஜமாகவே கணக்குப் போட்டாள்.
"மைனர்."
பிரிந்ததைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

கரண்ட் போனது.
மொபைல் வெளிச்சத்தில் சாப்பிட்டோம்.
காரம் பத்தாமல் பருப்புப் பொடி தொட்டேன்.
அவளும் தொட்டாள், ரொம்ப நேரம் இருமினாள்.

காலை ஆறுக்கு ரிப்போர்ட் வந்தது.
ஒரு வரியும் குறையவில்லை.
பதினாலாயிரம் உருப்படி,
தோள்பட்டையைப் பிரித்துத் திரும்பத் தைக்கணும்.

ஓவர்லாக் லைனில் சாமியாத்தாக்காவிடம் குனிந்து சொன்னேன்:
நூல் டென்ஷனைச் சித்தெ தணிங்க்கா,
குதிக்கக் கூடாது.
எது கண்ணு, என்றார்.