ஒன்றும் ஆகவில்லை

என்ன நிறத்தில் பூக்கும் என்று கேட்கவில்லை.
விலைகூடக் கேட்கவில்லை.
நுவரெலியா சந்தை வாசலில் குந்தியிருந்து
பூனை தின்றால் சாகுமா என்றேன்.

செடிக்காரர் மரியசேகர்
கம்பளித் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
ஆள் பைத்தியமா
அல்லது பூனையில் ஏதும் கோபமா என்று
முகத்தைப் பார்த்தார்.

போன ஏப்ரலில் இதே இடத்தில் வாங்கியது கலஞ்சோ.
கொத்துக் கொத்தாய்ச் செக்கச்செவேலென்ற பூ.
வாங்கிப் போன மூன்றாம் இரவு
சல்லி அதில் பாதியைத் தின்றாள்.
(சல்லிக் குவியலில் கிடைத்தவள்,
காசு என்றும் பொருள் வரட்டும் என்று வைத்த பெயர்.
வரவில்லை.)
விடிய விடிய வாந்தி.
பிறகு கால்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை.
பிஸ்கட் பெட்டியில் துவாயை விரித்து
மழைக்குள் ஓட்டோ பிடித்து ஹட்டனுக்கு ஓடினேன்.
டொக்டர் வீரக்கோன்
அந்தச் சின்ன நெஞ்சில் குழாயை வைத்துக்
கனநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.
பூ வடிவுதான், என்றார் சிங்களத்தில்,
வீட்டுக்குள் வேண்டாம்.

பிழைத்தாள்.
இரண்டு மாதம் கழித்து, குட்டி போடாமல் இருக்க
அவரே அறுத்தும் விட்டார்.

அதனால்தான் அந்தக் கேள்வி.

மரியசேகர் மகளுக்குப் போன் எடுத்துக் கேட்டு
பின்வரிசையிலிருந்து ஒன்றை நீட்டினார்.
ஹவோர்தியா.
தேங்காய்ச் சிரட்டைக்குள் அடங்கும் உயரம்.
கரும்பச்சை இலை, அதில் வெள்ளை வரி வரியாய்,
நாள் முழுதும் நான் கந்தோரில் குத்துகிற
முத்திரையின் கோடுகள் மாதிரி.

தயிர்ச் சட்டியில் ஆணியால் ஓட்டை போட்டேன்.
இரண்டு சட்டி பிளந்தது, மூன்றாவது பொறுத்தது.
மேசன் சவுரிமுத்துவின் அரிதட்டில் மிஞ்சிய பருமணல்,
உடைத்த செங்கல், அடுப்புக் கரி,
பேருக்குக் கொஞ்சம் மண்.

தண்ணீர் ஊற்றுவது இங்கே ஒரு வேலையா?
ஊற்றாமல் இருப்பதுதான் வேலை.
தலவாக்கலையில் ஆடி மாதம்.
நாலு நாளாய்க் காயாத பாவாடை
பிரிட்ஜின் முதுகில் தொங்குகிறது.
உப்புப் போத்தலுக்குள் உப்பு அழுகிறது.
கந்தோரில் புதுக் கடித உறைகள்
எழுத்து ஏதும் இல்லாமலே
தம்மைத் தாமே ஒட்டிக்கொள்கின்றன.
இத்தனை ஈரத்துக்கு நடுவில்
சட்டியளவு பாலைவனம் ஒன்றை
ஜன்னலில் வைத்துக் காவல் இருக்கிறேன்.
மூடுபனி உள்ளே வரும்போது
கதவைச் சாத்துகிறேன், கடன்காரனுக்குச் சாத்துவது போல.

ஒருமுறை மனம் கேட்காமல்
அரைக் கிளாஸ் ஊற்றிவிட்டேன்.
அடியிலை கண்ணாடியாகி நழுவியது.
பிடுங்கி, அழுகிய வேரை வெட்டி
மூன்று நாள் பேப்பரில் கிடத்தினேன்.
வேர் இல்லாமல் கிடந்தபோதும்
அது ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை.

பிறகு, ஐப்பசி இருட்டில்
நறுக் என்றொரு சத்தம்.

லைட்டைப் போட்டேன்.
இலை நுனியைக் காணவில்லை.
சல்லி வாயை நக்கிக்கொண்டிருந்தாள்.

மரியசேகரின் மகள் சொன்னதுதான்,
ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது.
ஆனாலும் பெட்டி, துவாய், ஓட்டோக்காரர் நம்பர்
எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து
அவள் வயிறு ஏறி இறங்குவதை எண்ணினேன்.
இரண்டு மணி. மூன்று மணி.
பால் ரயில் கூவிப் போனது.
ஆறு மணிக்கு எழும்பி
நெத்தலி எங்கே என்று கத்தினாள்.

கடித்த நுனி திரும்ப வளரவில்லை.
காய்ந்து, பழுப்பாகி,
இரண்டு பல்லின் அளவும் அப்படியே இருக்கிறது.

மாசியில் சட்டியோரம் மண்ணைத் தள்ளிக்கொண்டு
நாலு குட்டிகள்.
குட்டி என்றுதான் அவற்றுக்கும் பெயராம்.
அறுத்த பூனை சுற்றிச் சுற்றி மோந்தாள்,
பக்கத்தில் சுருண்டு படுத்தாள்.
ஒன்று டொக்டருக்கு என்று வைத்திருக்கிறேன்,
எப்படிக் கொடுப்பதென்றுதான் தெரியவில்லை.

நேற்று நடுவிலிருந்து ஈர்க்கு மாதிரி ஒரு தண்டு,
அதன் உச்சியில் ஒரு பூ.
கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு
என்ன நிறம் என்று கிட்டப் போய்ப் பார்ப்பதற்குள்
சல்லி தின்றுவிட்டாள்.