எத்தனை கிலோ

பெரிய மார்க்கெட்டில் மீன் பக்கம்
தரை என்றைக்கும் ஈரம்.
வெள்ளைச் செருப்பைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து
என் முந்தானையைப் பிடித்தபடி வருகிறான் ரெமி.
பதினோரு வயது.
சார்செல்லில் தெருவில் என் கையைத் தொடக்கூட வெட்கப்படுகிறவன்.
இங்கே அவனுக்கு வாய் இல்லை.

அங்கே எனக்கு இல்லை.

போய் ஏழு வருஷம்.
கட்டிக்கொண்டவர் சொல்தா வீட்டுப் பிள்ளை,
காகிதத்தில் நானும் பிரெஞ்சுக்காரி.
காகிதம் பேசாது.
முதல் வருஷத்தை மூன்று சொல்லில் ஓட்டினேன்:
வுய், மெர்சி, பர்தோன்.
போனில் யார் என்ன கேட்டாலும் வுய்.
அப்படித்தான் வேண்டாத மெத்தை ஒன்று
வீடு வந்து சேர்ந்தது,
பதினெட்டுத் தவணை.
சிரித்தோம்,
பதினெட்டு மாசமும் அதில் படுத்துக்கொண்டே.

ரொட்டிக்கடையில் ஒன்று என்று
ஆள்காட்டி விரலை நீட்டினால்
இரண்டு எடுத்துச் சுற்றுவாள்.
அந்த ஊரில் எண்ணிக்கை
கட்டைவிரலில் தொடங்குகிறது.
இதை யாராவது விமானத்திலேயே சொல்லியிருக்கலாம்.

ரெமிக்கு அந்த மொழி
பள்ளியில் சேர்த்த முதல் குளிர்காலமே
சளி போலப் பிடித்துக்கொண்டது.
அதற்கப்புறம் அவன்தான் என் வாய்.
கரண்டு ஆபீஸில், தபால் ஆபீஸில்.
அவன் டீச்சர் அவனைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசியதை
ஒரே வரியில் சொன்னான்:
"நல்லாப் படிக்கிறேனாம்."

பிறகு அந்த மார்ச் மாசம்.
அவருக்கு நைட் ஷிப்ட், போனை எடுக்கவில்லை.
டாக்டரம்மா என்னைப் பார்த்துப் பேசினாள்,
மெதுவாக,
மெதுவாகச் சொன்னால் புரிந்துவிடும் என்பதுபோல்.
பிறகு திரையைப் பார்த்தாள்.
பிறகு அவனைப் பார்த்தாள்.
எட்டு வயது.
அவனிடம் இருந்ததெல்லாம் என் அடுப்படித் தமிழ்:
சாப்பிடு, தூங்கு, அடி வாங்கப் போறே.
அதற்குள் தேடினான்.
தேடுவது முகத்தில் தெரிந்தது.

"பாப்பா நின்னுபோச்சாம்மா."

மழை நிற்கும், பஸ் நிற்கும்.
டாக்டரம்மா காத்திருந்தாள்.
நான் வுய் என்றேன்.
அந்த ஒரு தடவைதான்
புரிந்து சொன்னேன்.

அதைப் பற்றி அவனும் நானும்
எந்த மொழியிலும் பேசியதில்லை.

இப்போது அஞ்சலாட்சி
சங்கராவைத் தட்டில் போட்டுக்கொண்டே
சில்லறை இருக்கா என்கிற குரலில் கேட்கிறாள்:
"புள்ள எத்தனம்மா? இவன் ஒண்ணுதானா?"

ரெமி நிமிர்கிறான்.
கேள்வி என்று மட்டும் தெரிந்துவிட்டது.
என்ன கேட்கிறாள் என்று
அவன் மொழியில் என்னைக் கேட்கிறான்.

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக
நடுவில் நிற்பது நான்.
என்னிடம் இரண்டு மொழியிலும் சொல் இருக்கிறது.
எத்தனை கிலோ வேணும்னு கேட்கிறாங்க, என்றேன்.

கண்ணைச் சுருக்கிக் கணக்குப் போட்டான்:
அத்தை வீட்டில் ஐந்து பேர், நாங்கள் மூவர்.
பிறகு, என்னைத் தாண்டி, தானாகவே,
கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும்
அவள் முன்னால் விரித்துக் காட்டி,
கூச்சத்தோடு, ர-வைத் தொண்டையில் உருட்டி,
"ரெண்டு" என்றான்.

"ரெண்டா?" அஞ்சலாட்சி சிரித்தாள்.
"நல்லா இருக்கட்டும் ரெண்டும்."

என்ன சொன்னாங்க, என்றான்.
சரின்னாங்க.

தட்டில் இருந்தது ஒரு கிலோ.
இன்னொரு கிலோ போடச் சொன்னேன்.