பச்சை மை

இந்த மாதம் நான்கு முடித்தேன்.
விதவையும் கலங்கரை விளக்கக் காவலனும்: இரண்டே இரவு.
குதிரை வைத்தியரும் அவர் பகைவனின் தங்கையும்:
நண்டு உடைத்த கை நாற்றத்தோடு, சாப்பாட்டு இடைவேளைகளில்.
மூன்றாவதில் பனிப்புயல், ஒரே அறை, ஒரே கட்டில்.
எத்தனை கதையில் வந்தாலும்
அந்தக் கட்டில் எனக்கு அலுப்பதில்லை.
நான்காவதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில்
பாறையில் சிப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது எங்கள் ஊர்.
புத்தகக் கடை கிடையாது.
சலவை நிலையத்தில், மூன்றாம் இயந்திரத்துக்கு மேலே ஒரு பலகை.
அதில் அட்டை கிழிந்த காதல்கள்.
பக்கத்து ஆணியில் ஒரு நோட்டு தொங்கும்.
எடுத்துப் படித்தவர் இரண்டு வரி எழுத வேண்டும்.
பெயர் போடுவதில்லை, மை போதும்.

பென்சிலுக்கு எல்லாமே அருமை.
அதை நம்பி மூன்று முறை ஏமாந்தேன்.
ஊதா, முடிவை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடும்.
"அழுதேன்" என்று மட்டும் எழுதுகிற கை ஒன்று உண்டு.
தாளில் காய்ந்திருக்கும் சோப்புத் துளியைக்
கண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்வேன்.

பச்சை மைக்கு எதுவுமே பிடிக்காது.

"நாயகன் தொட்டதற்கெல்லாம் அழுகிறான்."
அன்றே எடுத்துப் போனேன்.
"நாற்பது பக்கம் ரொட்டி சுடுகிறார்கள். முத்தம் எங்கே?"
எடுத்துப் போனேன்.
"ஐம்பது வயதுக்கு மேல் இதெல்லாம் தேவையா?"
எனக்கு ஐம்பத்திரண்டு.
மழை படாமல் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
வீடு வரை ஓடினேன்.

ஒரு முறைகூடத் தவறியதில்லை.
அது முகம் சுளித்த இடமெல்லாம் எனக்கு விருந்து.
இவ்வளவு கவனமாக ஒருவர் வெறுக்க வேண்டுமென்றால்
கடைசி எழுத்து வரை படித்திருக்க வேண்டுமே
என்று எனக்குத் தோன்றவே பல வருடம் ஆனது.

நான்காவது: கப்பல் தச்சன், தபால்காரி.
முந்நூற்றுப் பத்தாம் பக்கத்தில்
அவள் துறைமுகத்தில் நிற்கிறாள், காற்றில் தொப்பி பறக்கிறது.
அடுத்தது முந்நூற்றுப் பதின்மூன்று.
அங்கே குழந்தைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நடுவில் ஒரு தாள் இல்லை.

நோட்டைப் புரட்டினேன். பச்சையில்:
"முடிவு நம்பும்படி இல்லை."
அப்படியென்றால் தாள் இருந்தபோது படித்த ஆள்.
கீழே எழுதினேன்:
"311 இல்லை. அவன் வந்தானா? எப்படி?"
ஒரு வாரம் பதில் இல்லை.
அழுக்காகாத திரைச்சீலைகளைக்கூடக் கொண்டுபோய்த் துவைத்தேன்.

வெள்ளிக்கிழமை, நண்டு ஆலை.
மேற்பார்வைக்கு வெர்னா கீப்பிங்.
பதினெட்டு வருடத்தில் என்னிடம் அவள் பேசிய சொற்கள்:
கையுறை, வேகம், அடுத்த தட்டு.
கையெழுத்துக்கு நேரத்தாளை நீட்டினாள்.
ரோவீனா ஸ்னூக், நாற்பத்தேழரை மணி,
எப்போதும்போல் நீல மையில்.
ஓரத்தில் மட்டும், பொடி எழுத்தில், பச்சை:

"வந்தான். காலைப் படகில், மூன்று நாள் தாமதமாக.
அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை."

நிமிர்வதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.
யாரிடமோ கையுறை என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அரை மணிக் கூலி வெட்டியிருந்தது.
செவ்வாய்க்கிழமை நான் ஆறு நிமிடம் தாமதம்,
முந்நூறாம் பக்கத்தை விட்டு எழ முடியாமல்.
அன்று வாசலில் அவளும்
கேள்வி எதுவும் கேட்டிருக்கவில்லை.

சனிக்கிழமை நோட்டில் எழுதினேன்:
"முடிவை நான் நம்புகிறேன்."
திங்கட்கிழமை அதன் கீழே, பச்சையில்:
"நான் இன்னும் இல்லை.
பலகையின் இடது மூலையில் சிவப்பு அட்டை ஒன்று இருக்கிறது.
படுமோசம்."